அம்மா வீட்டு டிவியில் மறுபடியும் டிவி கேம்

குடியாத்தத்தில் அம்மா வீட்டுப் பரண் மேல் ஒரு 14 அங்குல கலர் டிவி துணி போர்த்திக் கிடந்தது. அரசு இலவசமாகக் கொடுத்த டிவி. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்டபோது பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையுமாக, படத்தையும் ஒலியையும் வெளியிலிருந்து வாங்கும் ஏவி ஓட்டைகள். வேண்டாம்மா, எனக்கு வேலை இருக்கு என்று காட்பாடிக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

சின்ன வயசில் எங்கள் வீட்டில் கேசட் போடும் டிவி கேம் இருந்தது. தம்பி முதல் ஆள், நான் எப்போதும் இரண்டாவது ஆள். என் ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பொத்தானே கிடையாது. ஜப்பானில் 1983-இல் வந்த அசல் கேம் மெஷினான நின்டெண்டோ ஃபேமிகாமிலேயே இரண்டாவது ஜாய்ஸ்டிக் அப்படித்தானாம். நகல் எடுத்தவர்கள் அதையும் சேர்த்தே நகல் எடுத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த வேலையை ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு செய்துவிடும். நான் வாங்கியது 3 பி பிளஸ் மாடல், சென்னை ரிச்சி தெருவில். 4 இருந்தாலும் சரி. 5 மட்டும் பழைய டிவிக்கு வேண்டாம். அதில் 3.5 மி.மீ. ஏவி ஓட்டை இல்லை, பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளின் 4.8 இமேஜும் (கார்டில் எழுதும் கோப்பு) 4-ஓடு நின்றுவிடுகிறது. 5 கையில் இருந்து, டிவியும் எச்டிஎம்ஐ டிவி என்றால் அதே வேலையைச் செய்யும் பட்டோசெரா அல்லது ரீகால்பாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளைத் திறந்து, ஓஎஸ் பட்டியலில் கேம்களுக்கான பிரிவுக்குப் போய், ரெட்ரோபையில் உங்கள் போர்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுத்து 16 அல்லது 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் விண்டோஸ், 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். என் ஜெராக்ஸ் கடையில் கை பழக்கத்தில் ஓகே அழுத்தி, மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 3 பி பிளஸுக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும். வீட்டில் கிடந்த போன் சார்ஜரில் போட்டேன். திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போனது, கேம் நடுவில் திக்கியது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். நான் சார்ஜரை மாற்றினேன், அப்போதும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஒயர். நூல் மாதிரி மெல்லிய, நீளமான ஒயர். குட்டையான, தடிமனான ஒயர் போட்ட பிறகு மின்னல் வரவே இல்லை.

முதல் தடவை ஆன் செய்ததும் தானே ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லும். ஒவ்வொரு பெயராகக் கேட்கும், உங்களிடம் இல்லாத பொத்தான் வந்தால் எதையாவது கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் தாண்டிவிடும். ஹாட்கீ என்று கேட்கும்போது செலக்டைக் கொடுங்கள். செலக்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தினால் கேமிலிருந்து வெளியே வரலாம். எனக்கு இது தெரியாமல் முதல் நாள் முழுக்கப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ரெட்ரோபையோடு வணிகக் கேம்கள் எதுவும் வராது, அவற்றுக்குக் காப்புரிமை உண்டு. ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விடும் கேம்கள் நிறைய இருக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ரெட்ரோபை என்று ஒரு ஃபோல்டர் போட்டு ராஸ்பெரி பையில் செருகுங்கள். விளக்கு மினுக்கி நின்றதும் எடுத்துப் பார்த்தால் உள்ளே ரோம்ஸ், அதற்குள் ஒவ்வொரு பழைய கேம் மெஷினுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். கேமை உரிய ஃபோல்டரில் வைத்து மறுபடி செருகுங்கள். இடம் போதுமா என்ற கவலையே வேண்டாம். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவின் மொத்த அளவே 40 கேபிதான். கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஆதார் போட்டோ அதைவிடப் பெரியது.

புது டிவியென்றால் எச்டிஎம்ஐ கேபிளோடு வேலை முடிந்தது. பழைய டிவிக்கு ஒரு முனை 3.5 மி.மீ., மறுமுனை மூன்று வண்ணம் உள்ள ஏவி கேபிள் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வரிசை மாறும். ராஸ்பெரி பையில் வீடியோ வருவது பிளக்கின் அடிப்பாகத்தில், அதற்கு அடுத்த வளையம் கிரவுண்ட் (பொது இணைப்பு). என் கேபிளில் மஞ்சளை மஞ்சளில் செருகினால் படம் வரவில்லை, காதைக் குடையும் இரைச்சல்தான் வந்தது. சிவப்பு முனையை மஞ்சள் ஓட்டையில் மாட்டியதும் படம் வந்துவிட்டது. கிரவுண்டே மாறியிருக்கும் கேபிள் என்றால் இந்தத் தந்திரமும் பலிக்காது, வேறு வாங்க வேண்டியதுதான்.

படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளை. ராஸ்பெரி பை அனுப்புவது என்டிஎஸ்சி என்ற வீடியோ முறை, என் டிவி கேட்டது பால் (PAL) என்ற முறை. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு கான்ஃபிக் என்ற டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்க்க வேண்டும். தம்பிக்குப் போனில் சொன்னபடியே சொல்கிறேன்: எஸ், டி, டி, வி, அடிக்கோடு, எம், ஓ, டி, இ, சமக்குறி, 2. எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. கலர் வந்துவிடும். ஆனால் பால் முறையில் நொடிக்கு 50 தடவை படம் மாறும், பெரும்பாலான கேம்கள் 60-க்கு எழுதியவை, அதனால் ஓட்டம் கொஞ்சம் மந்தமாகலாம். உங்கள் டிவி என்டிஎஸ்சியைக் கலரிலேயே காட்டினால் இந்த வரியைத் தொடாதீர்கள்.

போர்டை டிவி மேல் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் வேலூரே அடுப்பு, அதன் மேல் டிவி விடும் சூடு வேறு. சூட்டை இழுத்து வெளியே விட ஒரு சின்ன அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டி, காற்று படும் இடத்தில் வையுங்கள். அணைக்கும்போது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் அழுத்தினால் வரும் மெனுவில் க்விட், அதில் ஷட்டவுன். கார்டில் எதையாவது எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம், எனக்கு ஒன்று போயிற்று. அதனால் கார்டை ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு தம்பி வந்தான். வந்ததும் முதல் ஜாய்ஸ்டிக்கைத்தான் எடுத்தான். எடுத்துக்கட்டும், இந்த முறை இரண்டிலும் ஸ்டார்ட் இருக்கிறது.