திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: காரின் முன்கண்ணாடியை முறையாக மாற்றுதல்

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் திருகோணமலைக்கு வருபவர்களும், கனடாவிலோ இங்கிலாந்திலோ நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுப் பெற்றோரின் ஊருக்குத் திரும்புபவர்களும் வந்த சில மாதங்களுக்குள் ஒரு கார் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஜப்பானில் ஓடிய பின் இறக்குமதியான, இங்கே ரிக்கண்டிஷன் என்று சொல்லப்படும் காராக இருக்கும். கந்தளாயைத் தாண்டி ஹபரணைக்குப் போகும் வழியில், முன்னால் கிரவலோ கருங்கல்லோ ஏற்றிச் செல்லும் டிப்பரிலிருந்து ஒரு சிறு கல் தெறித்து முன்கண்ணாடியில் படும் நாள் எல்லோருக்கும் ஒருமுறையாவது வருகிறது. அந்த நாளுக்காகவே இதை எழுதுகிறேன். கண்ணாடியின் விலையைப் பேரம் பேசுவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும், அதை வண்டியின் உடலோடு பிடித்துவைக்கும் பசையிலும் அந்தப் பசை இறுகுவதற்கு விடும் நேரத்திலும் காட்டவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

கல் பட்டவுடன் செய்யவேண்டியது சிறிய காரியம்தான். வண்டியை ஓரமாக நிறுத்தி, அடிபட்ட இடத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெளிப்பக்கமாகத் தெளிவான செலோடேப் துண்டொன்றை ஒட்டிவிடுங்கள். காயம் ஒரு நாணயத்துக்குள் அடங்குவதாகவும், சாரதியின் பார்வைக்கு நேரே இல்லாததாகவும், கண்ணாடியின் விளிம்பைத் தொடாததாகவும் இருந்தால், அதற்குள் பிசின் செலுத்திச் சரிசெய்துவிட முடியும். ஆனால் ஈரமும் தூசியும் உள்ளே புகுந்துவிட்டால் பிசின் சரியாகப் பிடிக்காது. நிலாவெளிக் கடற்கரையில் மதிய வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் ஏசியை உச்சத்தில் வைத்துக் குளிர்காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்பிவிடுவதையும், கொதித்துக் கிடக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றுவதையும் அன்றைக்கு முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். காலையில் கடுகளவாக இருந்த காயம், அப்படிச் செய்த ஐந்தே நிமிடத்தில் கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடிப்பாக ஓடுவதைப் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன். வெடிப்பு ஓடிவிட்டாலோ, காயம் விளிம்பில் இருந்தாலோ, கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வேறு வழி தேடவேண்டாம்.

மாற்றும் வேலையில் இறங்குவதற்கு முன் முன்கண்ணாடி என்னென்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டவை. உடைந்தால் கற்கண்டுத் துண்டுகளைப் போல உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படிப்பட்டதல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலமொன்றை வைத்து அழுத்திச் செய்யப்பட்டதாகையால், உடைந்தாலும் அந்தப் படலத்தில் ஒட்டியபடியே நிற்கும். மோதலின்போது பல கார்களில் பயணி பக்கத்துக் காற்றுப்பை மேல்நோக்கி வெடித்து எழுந்து, முன்கண்ணாடியில் முட்டித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது; வண்டி புரண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பசை சரியாகப் பிடிக்காத கண்ணாடி, இந்த இரண்டு வேளைகளிலும் சட்டத்திலிருந்து கழன்று வெளியே போய்விடக்கூடும். பக்கத்து இருக்கையில் நம் மனைவியோ பிள்ளையோ இருப்பார்கள் என்பதை நினைத்தால், மழைத்தண்ணீர் ஒழுகாவிட்டால் போதும் என்று திருப்திப்பட மனம் வராது.

எனக்கு இது பட்டறிந்து வந்த பாடம். சில ஆண்டுகளுக்கு முன், மறுநாள் விடியற்காலை கொழும்பில் இருக்கவேண்டிய அவசரத்தில், பிற்பகல் மூன்று மணிக்குக் கண்ணாடியை மாற்றக் கொடுத்து ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதையில் கார் குலுங்கிய ஒவ்வொரு முறையும் கண்ணாடியின் மேல்விளிம்பில் மெல்லிய கிறீச்சொலி கேட்டது. கார்த்திகை மாதம் வாடை மழை தொடங்கியபோது சாரதியின் காலடிக் கம்பளம் ஊறிப் புளித்த வாடை வீசியது. இன்னொரு கராஜில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது, பழைய பசையை அறுத்தவரின் கத்தி வண்ணப்பூச்சைக் கீறிச் சென்ற கோடு முழுவதிலும் கறள் ஏறி, விரலால் தொட்டதும் செதிள் செதிளாக உதிர்ந்தது. தமிழ்நாட்டில் துரு என்பதைத்தான் இங்கே கறள் என்கிறோம். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் இரவு முழுவதும் வெளியே நிற்கும் வண்டியை மறுநாள் காலை கையால் தடவினால் உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும். அந்தக் காற்றில், வண்ணம் நீங்கிய தகரத்தில் கறள் ஏற அதிக காலம் தேவைப்படுவதில்லை. அதனால்தான் உள்நாட்டு ஊர்களைவிட நம் ஊரில் இந்த வேலை இன்னும் கவனமாகச் செய்யப்படவேண்டும் என்கிறேன்.

நல்ல கைவினைஞர் வேலை செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் வைப்பர் கைகளையும் அவற்றின் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்றுவார். டாஷ்போர்டின்மேல் போர்வை விரிப்பார். பிறகு உறுதியான மெல்லிய கம்பியைப் பசைக்குள் குத்தி நுழைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று, மரம் அறுப்பதுபோல மாறிமாறி இழுத்துப் பசையை அறுப்பார்கள். கத்தியைவிடக் கம்பி வண்ணப்பூச்சைக் குறைவாகவே காயப்படுத்தும். கண்ணாடி வெளியே வந்ததும் சட்டத்தில் எஞ்சியிருக்கும் பழைய பசையை அடிவரை சுரண்டி எடுக்கக்கூடாது. ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் கனத்துக்குச் சீராக அரிந்து விட்டுவிடவேண்டும். புதிய பசை, புதிதாக அரியப்பட்ட பழைய பசையின்மேல்தான் மிக நன்றாகப் பிடிக்கும். கீறல் விழுந்த இடங்களுக்குப் பிரைமர் என்னும் அடிப்பூச்சைத் தடவிக் காயவிடவேண்டும். கறள் இருந்தால் அதைத் தேய்த்து நீக்கிப் பூச்சுக் கொடுத்து முடிக்கும்வரை கண்ணாடியைப் பொருத்தவே கூடாது. அதற்காக வண்டி இன்னொரு நாள் கராஜில் நிற்கவேண்டும் என்று கைவினைஞர் சொன்னால், அவரை நம்பி விட்டுவிட்டு வாருங்கள்.

புதிய கண்ணாடியைப் பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, நான்கு பக்கமும் இடைவெளி ஒத்துவருகிறதா என்று கவனித்து, அடையாளமாக டேப் ஒட்டிக்கொள்வார்கள். பின்னர் விளிம்பிலுள்ள கறுப்புப் பட்டையைத் துடைத்துப் பிரைமர் தடவுவார்கள். அந்தப் பட்டை அழகுக்காக மட்டும் இருப்பதல்ல: பசையை அழிக்கக்கூடிய வெயிலை அது மறைத்து நிற்கிறது. துடைத்த இடத்தை வெறும் விரலால் தொடுவதைக் கண்டால், மீண்டும் துடைக்கச் சொல்லுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. பசை, முக்கோண வடிவில், இடையில் அறாமல், ஒரே ஓட்டமாகச் சுற்றிவர வேண்டும். முடிந்தவுடன் தாமதிக்காமல், உறிஞ்சுபிடிகளால் கண்ணாடியைத் தூக்கி, ஒரே தடவையில் நேராக இறக்கவேண்டும். இறக்கியபின் இப்படியும் அப்படியும் நகர்த்தினால் பசைக்குள் காற்று வழி விழும்.

பசையைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். கார்க் கண்ணாடிக்கென்று தயாரிக்கப்பட்ட பொலியூரித்தேன் பசையே தேவை. குளியலறைத் தொட்டிக்கும் மீன்தொட்டிக்கும் பூசுகிற சிலிகன் வேண்டாம். சாதாரண சிலிகன் காயும்போது வினாகிரி மணம் வரும்; அந்த மணத்தைத் தருவது அசெற்றிக் அமிலம், அது தகரத்தையும் அரிக்கும். போதாக்குறைக்கு, சிலிகன் ஒருமுறை பட்ட இடத்தில் பின்னால் நல்ல பசையைப் பூசினாலும் அது ஒட்ட மறுக்கும். வேலை தொடங்கும் முன் பசைக் குழாயைக் கையில் வாங்கி, காலாவதித் திகதியைப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் வெப்பத்தில் பல மாதம் கிடந்த குழாயில் பசை பாதி இறுகியிருக்கக்கூடும். பிதுக்கும்போது கட்டிகட்டியாக வந்தால் அதைப் பயன்படுத்த விடாதீர்கள்.

கண்ணாடியைத் தெரிவு செய்வது இதைவிட இலகு. கீழ் மூலையில் அச்சிட்டிருக்கும் குறிகளை வாசியுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில எழுத்தான ஈயும் ஓர் எண்ணும், அருகே 43ஆர் என்ற குறியும் இருந்தால், அது வாகனக் கண்ணாடிக்கான ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதிப்படி சோதிக்கப்பட்டது. இந்தியாவில் தயாரானதாயின் ஐஎஸ்ஐ முத்திரையும் 2553 என்ற தர எண்ணும் இருக்கும். எந்தக் குறியும் இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து வரும் பழைய ஜப்பான் கண்ணாடியும் வாங்கலாம். ஆனால் விளிம்பில் சிதைவு இல்லை என்பதையும், வைப்பர் தேய்த்த நுண்கோடுகள் இல்லை என்பதையும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்த பின்னரே வாங்குங்கள். அந்தக் கோடுகள் பகலில் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. இரவில் எதிரே லொறி விளக்கு வரும்போது கண்ணாடி முழுவதும் ஒளிச்சிலந்திவலை விரியும்.

அண்மைக்கால ஜப்பான் கார்களில், பின்னால் வருவதைக் காட்டும் உட்பக்கக் கண்ணாடிக்கு அப்பால், முன்கண்ணாடியோடு சேர்த்து ஒரு சிறு கமரா இருக்கிறதா என்று பாருங்கள். தானாகப் பிரேக் போடுவதற்கு உதவுவதும், வீதிக்கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பதும் அந்தக் கமராவின் வேலை. கண்ணாடி மாறியபின் அதன் பார்வைக் கோணம் மிகச் சிறிதளவு விலகினாலும், தூரத்தில் அது பெரிய பிழையாகிவிடும். ஆகவே அதற்குரிய கருவியால் மீண்டும் சீர்செய்யவேண்டும். அந்த வசதி தம்மிடம் இருக்கிறதா என்று கராஜில் முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால், கொழும்பில் அந்த நிறுவனக் கார்களைப் பராமரிக்கும் இடத்தில் முழு வேலையையும் செய்துகொள்வதே நல்லது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள்.

பழைய வான்கள், லொறிகள், முச்சக்கர வண்டிகள் பலவற்றில் பசை கிடையாது, கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் றப்பர் பட்டையான பீடிங்தான். பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி வைத்து, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அமுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுத்து, றப்பர் உதட்டைச் சட்டத்தின்மேல் ஏற்றுவார். அதில் கவனிக்கவேண்டியது ஒன்றே: வெடித்து இறுகிப்போன பழைய பீடிங்கையே மீண்டும் போடவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் கட்டாயமான மூன்றாந் தரப்புக் காப்புறுதி உங்கள் கண்ணாடிக்கு எதுவும் தராது. முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், பத்திரத்தில் முன்கண்ணாடிக்கென்று தனியாக எவ்வளவு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அதைக் கோரினால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் குறையுமா என்பதையும் வாசித்து அறியுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே நிறுவனத்துக்கு அழைத்து, உடைந்த கண்ணாடியை வண்டி இலக்கத்தகடு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியபின் அழைத்தால் பல சிக்கல் வரும். பற்றுச்சீட்டில் கண்ணாடியின் குறி, பசையின் பெயர், ஒழுகினால் திருத்தித் தருவதற்கான காலம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும், ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பெறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை வேலைக்கு முன் நீங்களே பத்திரமாகக் கழற்றி வையுங்கள். உடைந்த கண்ணாடியோடு அது குப்பைக்குப் போய்விட்டால், வீதியில் பொலிஸார் மறிக்கும்போது காட்ட எதுவும் இராது.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமது ஊரில் முஸ்லிம் கைவினைஞர்கள் நடத்தும் கராஜ்கள் பல வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காக மூடப்படும். பௌர்ணமியன்று போயா விடுமுறை. பாதியில் நிற்கக்கூடாத வேலை இது, ஆகையால் வேறொரு நாளின் காலையில் கொடுங்கள். ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலமானால் நாற்புறமும் மறைப்புள்ள கூரையின் கீழ் செய்யும் இடத்தையே தேடுங்கள். பசை இறுகுவதற்குக் காற்றின் ஈரம் உதவும் என்பது உண்மைதான், ஆனால் பூசும் வேளையில் சட்டத்தில் ஒரு துளி தண்ணீர் நின்றாலும் அந்த இடம் ஒட்டாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வறண்டு வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஆபத்து வேறு: பூசிய பசையின்மேல் மண்தூசு படிந்துவிடும். அப்போதும் அடைப்புள்ள இடமே நல்லது.

வண்டியை எப்போது ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை வேறுபடும். சிலவற்றுக்கு ஒரு மணித்தியாலம், சிலவற்றுக்குப் பல மணித்தியாலம். தயாரிப்பாளர் குறித்துள்ள நேரத்தைக் கேட்டு, அதற்குமேல் ஓர் இரவு கூடுதலாக விடுங்கள். அது ஓட்டத் தொடங்கக்கூடிய நேரம் மட்டுமே. பசை உள்ளே முழுவதும் இறுகுவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை ஒட்டியிருக்கும் டேப்பைக் கழற்றாதீர்கள், பக்கக் கண்ணாடி ஒன்றை ஒரு விரற்கடை இறக்கியே வைத்திருங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால், உள்ளிருக்கும் காற்று இறுகாத பசையை வெளியே தள்ளும். சேர்விஸ் நிலையத்தில் வேகத் தண்ணீர் அடித்துக் கழுவுவதை இரண்டு மூன்று நாள் தள்ளிவையுங்கள். அதன்பின் வீட்டு முற்றத்தில் கண்ணாடியின் மேல்விளிம்பில் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, ஒருவர் உள்ளே டோர்ச்சுடன் இருந்து டாஷ்போர்டின் இரு மூலைகளையும் காலடிக் கம்பளத்தின் அடியையும் கையால் தடவிப் பார்க்கட்டும். ஈரம் பட்டால், பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கராஜுக்குப் போங்கள்.