முறிந்த ஸ்டட்டும் ஈஸி அவுட்டும்: பழைய புல்லட் இன்ஜினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். எழுபதுகளில் வந்த புல்லட்டின் கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டி. சிலிண்டர் உட்காரும் முகத்தில் முறிந்துபோன ஒரு ஸ்டட் (தலையில்லாத, இரு முனையும் மரை உள்ள போல்ட்), அந்த ஸ்டட்டின் நடுவில் முறிந்துபோன ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி). "அண்ணா, இதை எப்படி எடுக்கிறது?" பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. 2016-ல் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து நான் செய்ததை அப்படியே செய்திருக்கிறார். இந்த வருஷத்தில் இவர் மூன்றாவது ஆள். ஆயில் ஊற்ற மறக்காதே, நட்டுகளை டப்பாவில் போட்டு வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முறிந்த ஸ்டட்டில் ஈஸி அவுட்டை இறக்குவது

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் புகுந்தது. அப்பாவின் புல்லட் டேங்க் வரைக்கும் முழுகி இரண்டு நாள் நின்றது. வீட்டைச் சுத்தம் செய்யவே நேரம் சரியாக இருந்ததால் சில மாதம் கழித்துத்தான் இன்ஜினைப் பிரிக்க உட்கார்ந்தேன். கேஸ் அலுமினியம், ஸ்டட் இரும்பு. நடுவில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அப்படியே கவ்விக்கொள்ளும். இதற்கு வெள்ளம்கூட வேண்டாம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல்காற்றில் பத்து வருஷம் சும்மா நின்ற வண்டியிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

சிலிண்டர் அடி நட்டில் ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். முதலில் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் கையில் ஒரு இளக்கம் தெரிந்தது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. அப்பாடா, கழன்றுவிட்டது என்று நினைத்து இன்னொரு கால் சுற்று இழுத்தேன். டக்கென்று முறிந்தது. துருவில் பிடித்த நட் கழலும்போது கிறீச்சென்று கத்தும், விட்டுவிட்டு வரும். சத்தமே இல்லாமல் மெத்தென்று சுற்றினால் அது ஸ்டட்டே முறுக்கிக்கொள்வது. அந்த இளக்கம் கையில் பட்ட நொடியே ஸ்பேனரை விட்டுவிட வேண்டும்.

சரி, முறிந்துவிட்டது. இதுவரை நடந்தது விபத்து, பெரிய செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது. இதற்கு அப்புறம் செய்வதுதான் தவறு, இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். உடனே கடைக்குப் போய் ஈஸி அவுட் செட் வாங்கி வருகிறோம். கை டிரில்லால் ஸ்டட்டின் நடுவில் ஓட்டை போட்டு, அந்த இடதுபுரி முள்ளை உள்ளே இறக்கித் திருகுகிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முழு தடிமனோடு இருந்த ஸ்டட்டே முறிந்துபோகிற அளவுக்கு மரை இறுகியிருக்கிறது. அதைவிட ஒல்லியான ஒரு முள் அதை எப்படித் திருப்பும்? போதாததற்கு ஈஸி அவுட் கூம்பு வடிவம், உள்ளே போகப் போக ஓட்டை போட்ட ஸ்டட்டை வெளிப்பக்கமாக விரித்து மரையை இன்னும் இறுக்குகிறது. கடைசியில் முறிகிறது. முறிந்த துண்டு கடினப்படுத்திய எஃகு, வீட்டில் இருக்கும் எந்த டிரில் பிட்டும் அதன் மேல் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். எனக்கு அப்படித்தான் ஓடியது, ஓட்டை சாய்ந்து கேஸின் ஓரம் வரை போய்விட்டது.

அதற்கு மேல் எனக்கு இருந்த வழி ஸ்பார்க் எரோஷன். மின்பொறியால் அந்தத் துண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தெடுக்கும் மெஷின், அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல்ரூம் பட்டறைகளில் இருக்கும். ஆனால் கேஸை எண்ணெய்த் தொட்டிக்குள் முக்கித்தான் வேலை செய்வார்கள், அதனால் இன்ஜினை முழுசாகப் பிரித்து வெறும் கேஸாகக் கொண்டுபோக வேண்டும். சிலிண்டரை மட்டும் கழற்ற உட்கார்ந்தவன் கிராங்க், கியர்பாக்ஸ், பேரிங் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அந்த ஒரு ஓட்டை என் நான்கு மாதத்தைத் தின்றது.

ஸ்டட் முறிந்தால் முதல் வேலை, கருவிகளைக் கீழே வைப்பது. ஊடுருவும் எண்ணெயை மரை ஓரத்தில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள், காலையும் மாலையும் சின்னச் சுத்தியால் ஸ்டட்டின் தலையில் மெதுவாகத் தட்டுங்கள், அந்த அதிர்வில்தான் எண்ணெய் இறங்கும். அப்புறம் சூடு. சூட்டை ஸ்டட்டில் காட்டாமல் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்ட வேண்டும், ஏனென்றால் ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஹீட் கன் போதும், ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று துள்ளுகிற சூடு. பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் இரண்டும் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது, முதலில் நன்றாகத் துடைத்த எண்ணெயின் மிச்சம்கூடப் புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சூடாக இருக்கும்போதே மரை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுக்கும்.

ஸ்டட் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஆறிய பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பி, அப்புறம் கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். முகத்தோடு மட்டமாக முறிந்திருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். கேஸை டிரில்லிங் மெஷினில் கட்டி, நடுவில் ஓட்டை உள்ள ஒரு வழிகாட்டி புஷ்ஷை வைத்து, சரியான மையத்தில் துளைக்கிற லேத் பட்டறை அண்ணன் உங்கள் பகுதியிலேயே இருப்பார். ஸ்டட்டை மரை வரை மெலிதாக்கினால் மிச்சம் சுருள் கம்பி மாதிரி உரிந்து வந்துவிடும். மரை கெட்டிருந்தாலும் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச்சுருள்) போட்டோ புஷ் அடித்தோ பழையபடி ஆக்கலாம். முறிந்த ஈஸி அவுட் இருக்கும் ஓட்டையில் இது எதுவும் சுலபமில்லை.

எட்டு எம்.எம். போல்ட்டை 5/16 அங்குல ஓட்டையில் திருகுவது

5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். பார்வைக்கு எட்டு எம்.எம். தான். பழைய புல்லட்டில் இருப்பது பிரிட்டிஷ் மரை, அதில் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன்) வகை என்றால் அங்குலத்துக்கு 22 புரி. எட்டு எம்.எம். போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், இதற்கு ஏறக்குறைய 1.15. விரலாலேயே இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், துரு என்று நினைத்து ஸ்பேனர் போடுவீர்கள், அலுமினிய மரை தூளாக வெளியே வரும். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்குங்கள். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப்போய்ப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஒப்பிட்டு வாங்குங்கள், பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்.

சிலிண்டர் வரவில்லை என்று ஃபின் (குளிர்விக்கும் தகடு) மேல் அடிப்பது

வால்வுகளைத் தூக்கும் பாகங்கள் இருக்கும் டாப்பெட் அறைக்குள் சிலிண்டரைப் பிடிக்கும் ஒரு நட் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றினீர்களா? வார்ப்பிரும்பு ஃபின் வளையாது, உடையத்தான் செய்யும்.

அழுக்குப் போக கேஸைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது

அலுமினியத்தைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும்.

வெடித்த கேஸை எண்ணெயோடு ஆர்கன் வெல்டிங்குக்குக் கொடுப்பது

வார்ப்பு அலுமினியம் பல வருஷ எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். சூடு பட்டதும் அது கொதித்து வெளியே வந்து வெல்டிங் முழுக்கப் பொத்தல் விழும். நன்றாகக் கழுவி, சூடேற்றி, துடைத்து, மறுபடி சூடேற்றி எண்ணெய் கசிவது நின்ற பிறகு கொடுங்கள். வெல்டிங் முடிந்ததும் சேரும் முகத்தைக் கண்ணாடிப் பலகையில் வைத்து மட்டம் பாருங்கள், வளைந்திருந்தால் மெஷினிங். வளைவை மறைக்க அனபாண்ட் பசையை அப்பினால் பிதுங்கியது உள்ளே உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும்.

பழைய பிஸ்டன் சர்க்ளிப்பை (பிஸ்டனின் ஊசி நழுவாமல் பிடிக்கும் வளையம்) திரும்பப் போடுவது

வேண்டாம். புதிது போடுங்கள்.

பெரம்பூர் தம்பி இன்ஜினை முழுசாகப் பிரித்துவிட்டார். வரும் சனிக்கிழமை இருவரும் கேஸை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போகிறோம்.