மலைத்தோட்டத்தில் பல ரக உருளைக்கிழங்கு: பூவுக்காகவும் கிழங்குக்காகவும்

உருளைக்கிழங்குச் செடியின் பூவைச் சமவெளியில் வாழும் நம்மில் பலர் கண்டதே இல்லை. பகல் நீண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் இடத்தில்தான் இச்செடி தாராளமாகப் பூக்கும்; வெப்பம் கூடினால், பூக்காம்பின் இடையிலுள்ள சிறு கணுவில் அற்று, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்துவிடும். நம் நாட்டு ரகங்கள் பலவற்றின் பெயர் ‘குஃப்ரி’ என்று தொடங்குவதற்கும் பூவே காரணம்: சிம்லாவை அடுத்த குஃப்ரி மலையில் செடிகள் நன்கு பூத்துக் காய்ப்பதால், புதிய ரகங்களுக்கான கலப்புப் பணிக்கு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் நீலகிரியும் கொடைக்கானலும் இந்தப் பூவுக்கு வாய்த்த மலைகள். அங்கே இரண்டு சென்ட் நிலம் இருப்பவர்களும் ஒரே ரகத்தை நட்டு நிறுத்திக்கொள்ளாமல், மூன்று நான்கு ரகங்களைப் பக்கம் பக்கமாக நட வேண்டும் என்பது என் விருப்பம்.

1968-இல் வெளியான குஃப்ரி ஜோதி வெள்ளைப் பூப் பூக்கும். கிழங்கின் தோலும் வெளிர் நிறமே. சிவந்த தோலும் ஆழ்ந்த கண்களும் உடைய குஃப்ரி சிந்தூரியின் பூவில் இளஞ்செவ்வூதா படர்ந்திருக்கும். நீலகிரி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழுவின் (வேரைத் தாக்கி, முட்டைகளைச் சிறு கூடுகளாக மண்ணில் விட்டுச்செல்லும் நுண்புழு) தொல்லை 1961 முதல் அறியப்பட்டதாகையால், அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலப் பயிருக்கு, பின்பருவக் கருகல் நோயை எதிர்த்து நிற்கும் குஃப்ரி கிர்தாரி ஏற்றது. உதகையை அடுத்த முத்தோரையில் 1957 முதல் இயங்கிவரும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில், எந்த ரகத்தின் விதை எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அறுவடையான கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கிய பிறகே முளைக்கும். எனவே 40 முதல் 50 கிராம் எடையுள்ள விதைக்கிழங்குகளை, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். இருட்டில் வைத்தால் முளை வெளிறி நீண்டு, தொட்டாலே ஒடிந்துவிடும். வெளிச்சத்தில் வரும் முளையோ குட்டையாக, தடித்து, அடிப்பகுதியில் நிறமேறி இருக்கும்.

தொழுவுரம் கலந்து பொலபொலப்பாக்கிய நிலத்தில் 45 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, 20 செ.மீ.க்கு ஒன்றாக, முளை மேல்நோக்கியிருக்குமாறு கிழங்குகளை ஊன்றுங்கள். ரகத்துக்கு ஒரு பார் ஒதுக்கி, பெயர்க்குச்சி நட்டு, அதே வரிசையைக் குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள். மழையில் குச்சியின் எழுத்து அழிந்துபோய், எந்தப் பார் எதுவென்று தெரியாமல் நான் ஒரு பருவம் முழுதும் தவித்திருக்கிறேன். செடி ஒரு சாண் உயர்ந்ததும் ஒருமுறையும், மொட்டு வைக்குமுன் மறுமுறையும் மண் அணைத்துவிட்டால், கிழங்குகள் வெயில்பட்டுப் பச்சையாகாமல் தப்பும்.

நட்ட ஏழெட்டு வாரங்களில் பூங்கொத்துகள் தலைகாட்டும். காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பூவைக் கையில் ஏந்திப் பாருங்கள். ஐந்து இதழ்களும் அடியில் ஒட்டி ஒரே வட்டமாக விரிந்திருக்கும். நடுவே ஐந்து மகரந்தப் பைகள் மஞ்சள் கூம்பாகக் கூடி நிற்க, அதன் உச்சியிலிருந்து பச்சைச் சூல்முடி எட்டிப் பார்க்கும். கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் அறிந்தவர்களுக்கு உறவு உடனே விளங்கும். இப்பூவில் தேன் இல்லை. மகரந்தமும் பையின் நுனித்துளை வழியாகத்தான் வெளிவரும். ஆகையால், பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்து தூளை உதிர்த்துக்கொள்ளும், கூட்டமாக வாழாத காட்டுத்தேனீக்களும், கருவண்டு எனப்படும் தச்சுத்தேனீக்களுமே இதில் பயனடைகின்றன.

பூ, ரகத் தூய்மையைக் காட்டும் சாட்சியும் ஆகும். ஒருமுறை ஜோதி என்று வாங்கி நட்ட பாரில், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே இரண்டு செடிகள் மட்டும் ஊதாவாகப் பூத்தன. பூக்கும்வரை இலையைக் கொண்டு எனக்கு வேறுபாடு தெரியவே இல்லை. அத்தகைய செடிகளை அப்போதே நூல் கட்டி அடையாளமிட்டு, கிழங்கைத் தனியே தோண்டினால் விதை கலக்காது.

மொட்டு வைக்கும் பருவத்தில் மண்ணுக்குள் கிழங்கு பருக்கத் தொடங்கியிருக்கும். அப்போது ஈரம் குறைந்தால் விளைச்சல் குறையும். பூவைக் கிள்ள வேண்டியதில்லை. பூவுக்குப்பின் சிறு தக்காளி போலத் தொங்கும் பச்சைக் காய்களைக் கிள்ளிவிடலாம். அவை நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகள் நடமாடும் தோட்டத்தில் விட்டுவைக்காதீர்கள். அவற்றின் விதையிலிருந்து வரும் செடிகள் தாய்ச்செடியை ஒத்திரா என்பதால், ரகத்தைக் காக்கக் கிழங்கையே நட வேண்டும்.

குளிரும் சாரலும் சேரும் நாள்களில் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்து, கரும்புள்ளியைச் சுற்றி வெண்பூசணம் கண்டால், அது பின்பருவக் கருகல் நோய்; அந்தச் செடியை உடனே அகற்றுங்கள். நூற்புழுவின் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், அடுத்த மூன்று ஆண்டுகளேனும் அந்தப் பாத்தியில் முட்டைக்கோசு, கேரட், பூண்டு என்று மாற்றிப் பயிரிட வேண்டும். இதே புழுவின் காரணமாகத்தான் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளிமாநிலங்களுக்குக் கொண்டுசெல்லத் தடை உள்ளது. உறவினர் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

தழை மஞ்சளாகிச் சாய்ந்ததும் அதை அறுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து, தோல் இறுகிய பிறகு தோண்டுங்கள். உண்பதற்கான கிழங்கு இருட்டிலும் விதைக்கான கிழங்கு வெளிச்சத்திலும் இருக்கட்டும்; ஒவ்வொரு விதைக்கூடையிலும் ரகத்தின் பெயரோடு அதன் பூவின் நிறத்தையும் எழுதிக் கட்டிவையுங்கள்.