கைரோபிராக்டிக் பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போடுவது எப்படி: ஒரு தண்டையார்பேட்டை ஃபிசியோ எழுதுகிறேன்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஃபிசியோ கிளினிக் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில், கைரோபிராக்டிக் துறையில் நலமேம்பாடு (ஹெல்த் ப்ரமோஷன்) பற்றி உதவித்தொகையோடு ஆய்வு செய்து, இளநிலை மாணவர்களுக்குப் பாடமும் எடுத்துவிட்டுத் திரும்பினேன். அது தெரிந்ததிலிருந்து பிபிடி (ஃபிசியோதெரபி இளநிலை) முடித்த பிள்ளைகள் ஏதாவது பிஎச்.டி. விளம்பரத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "அக்கா, இதுக்கு நான் போடலாமா?" என்று கேட்கிறார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பித் தொண்டை வற்றிவிட்டது. ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்' என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யப் பழகும் தொழில்படிப்பு. அதற்கு நீங்கள்தான் பணம் கட்டவேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. பிஎச்.டி. என்பது ஆய்வு. இதில் ஃபீஸைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கும் கொடுப்பார்கள். பதிலுக்கு ஆய்வும், வாரத்தில் சில மணிநேரம் கற்பித்தலும் கேட்பார்கள். இரண்டிலும் 'டாக்டர்' வருவதால் சில ஏஜென்ட்டுகள் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள். உதவித்தொகையுள்ள பிஎச்.டி. இடத்துக்கு யாராவது 'சீட் வாங்கித் தர்றேன்' என்று முன்பணம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஆய்வுப் பட்டம் வாங்கினால் கைரோபிராக்டர் ஆகிவிட முடியாது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று தனிக் கவுன்சிலும் இல்லை. திரும்பி வந்து நீங்கள் ஃபிசியோவாகவோ, ஆசிரியராகவோ, ஆய்வாளராகவோதான் இருப்பீர்கள். அது போதும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

தேடவேண்டிய இடங்கள் அதிகமில்லை. டென்மார்க்கில் ஓடன்ஸேயிலுள்ள தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தில் ஜூரிக், ஆஸ்திரேலியாவில் பர்த்திலுள்ள மர்டாக், சிட்னியிலுள்ள மெக்குவாரி, கனடாவில் கியூபெக்கின் த்ருவா ரிவியேர். கடைசியில் சொன்ன இடத்தில் பிரெஞ்சு இல்லாமல் காலம் தள்ள முடியாது. டென்மார்க்கில் பிஎச்.டி. என்பதே மூன்று வருட வேலை, சம்பளத்தோடு. ஆஸ்திரேலியாவில் அரசின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகை ஃபீஸையும் வாழ்க்கைச் செலவையும் பார்த்துக்கொள்ளும். விமான டிக்கெட், விசா, முதல் மாத வாடகை அட்வான்ஸ் எல்லாம் உங்கள் கையைக் கடிக்கலாம். விளம்பரத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் தகுதிப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். 'கைரோபிராக்டிக் பட்டம் கட்டாயம்' என்றிருந்தால் நம்மால் முடியாது, விட்டுவிடலாம். கற்பித்தல் என்பது கிளினிக்கில் நோயாளியை வைத்து மாணவர்களை மேற்பார்வை பார்ப்பது என்றால், அந்த நாட்டுப் பதிவு கேட்பார்கள். 'தொடர்புடைய சுகாதாரத் துறை' என்று எழுதியிருந்தால் ஃபிசியோவுக்கும், பொதுச் சுகாதாரம் படித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் வழிகாட்டிப் பேராசிரியருக்கு எட்டு வரியில் மெயில் போடுங்கள்: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன. 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்' மட்டும் எழுதினால் பதில் வராது.

இனி ஆய்வுக் கேள்வி. விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, நம் பிள்ளைகள் கோட்டை விடுவதும் இதில்தான். இணையத்திலிருந்து எடுத்த 'முதுகுவலியில் கைரோபிராக்டிக்கின் பங்கு' மாதிரி தலைப்பை வைக்கிறார்கள். உலகத்தில் 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது, 2050-ல் அது 84.3 கோடியாகலாம் என்ற கணக்கை முதல் வரியில் எழுதுகிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அவர்களுக்குத் தெரியாதது காசிமேடு.

காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஒரு ஓரமாக நில்லுங்கள். ஐஸோடு சேர்ந்த மீன், தண்ணீர் சொட்டச் சொட்ட அன்னக்கூடையில் ஏறி தலைக்குப் போகிறது. மீன் வெட்டித் தரும் அக்காக்கள் தரையில், பலகை மேல் குந்தியபடி மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறார்கள். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் சென்னைத் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளில் டிரைவர்கள் சீட்டைவிட்டு இறங்கவே மாட்டார்கள். இவர்களுக்கு முதுகு பிடித்தால் முதலில் எங்கே போகிறார்கள்? சுளுக்கு எடுப்பவரிடம், புத்தூர் கட்டுக்கு, இல்லையென்றால் முடிவெட்டும்போதே சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபி வரிசை கடைசியில்தான். ஆய்வுக்கு இதில் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். சலூன் நெட்டி ஒன்றே போதும்: கழுத்தைச் சடக்கென்று திருப்பியபின், அரிதாக, ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த பதிவுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. முடிதிருத்துபவர்களை எதிரியாக்காமல் அவர்களையே சேர்த்துக்கொண்டு அந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா என்பது அருமையான நலமேம்பாட்டுக் கேள்வி.

நலமேம்பாடு என்றால் 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்று போஸ்டர் ஒட்டுவது என்று நினைத்திருந்தால், நலமேம்பாட்டுக்கென்றே 1986-ல் வந்த ஒட்டாவா சாசனத்தை எடுத்துப் படியுங்கள். சில பக்கம்தான். கொள்கை, சூழல், சமூகத்தின் செயல், தனிமனிதத் திறன், மருத்துவச் சேவையின் திசையை மாற்றுவது என்று ஐந்து வேலைகளைச் சொல்கிறது. மீன் வெட்டும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டித் தருவது சூழல். அந்த மேடை எங்கே, எவ்வளவு உயரம் என்பதை அக்காக்களே சங்கம் கூடி முடிவு செய்வது சமூகச் செயல். உடற்பயிற்சி சொல்லித் தருவது திறன். உங்கள் ஊர்க் காட்சியை இப்படிப் பிரித்து இரண்டு பக்கத்துக்குள் எழுதிவிட்டால் முன்மொழிவு பாதி முடிந்தது. தலைப்பை அவர்களே முன்கூட்டி நிர்ணயித்திருந்தால், உங்கள் காட்சியை அந்தத் தலைப்புக்குள் கொண்டுபோங்கள். தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள்.

துறையின் சண்டையையும் தெரிந்துகொண்டு போகவேண்டும். 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பாமர் இதைத் தொடங்கினார். எலும்பு விலகலால் நரம்பு தடைபட்டுத்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர் வாதம், தடுப்பூசியையும் எதிர்த்தார். அந்த மரபைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத் துறைகள் பெரும்பாலும் ஆதாரத்தின் பக்கம். நேர்காணலில் தடுப்பூசி பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டியையும் கட்டாயம் படியுங்கள். உடற்பயிற்சி, நோயாளிக்குப் புரியவைப்பது, முதுகெலும்பைக் கையால் சரிசெய்வது எல்லாம் பரிந்துரையில் உண்டு. இடுப்பு பெல்ட்டும், முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிறது. நம் ஏரியா கிளினிக்குகளில் ஆளை உட்காரவைத்ததும் மாட்டுவதே அந்த இரண்டையும்தான்! இதை எழுதினால் சில சீனியர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை.

கற்பித்தல் பகுதிக்குப் பத்து நிமிட மாதிரி வகுப்பு கேட்பார்கள். கண்ணாடி முன்னால் பழகினால் உதவாது. நான் மகளிர் குழு கூட்டத்தில் பழகினேன். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து முதுகை நிமிர்த்துங்கள் என்றேன். ஒரு ஆயா சொன்னது: "நீ சொல்றதெல்லாம் கரெக்ட்டுதாம்மா. நான் எந்திரிச்சா கூடைல இருக்கிற வஞ்சிரத்தை எவ பாத்துப்பா?" என் ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. பக்கத்துக் கடைக்காரம்மாவோடு மாற்றி மாற்றி எழுந்துகொள்ளலாம் என்று அவர்களே பேசி முடித்தார்கள். நேர்காணலில் அதையே வகுப்பாக எடுத்தேன்: மாணவர்களிடம் ஆயாவின் கேள்வியைக் கொடுத்து, 'இவருக்கு என்ன பதில்?' என்று தொடங்குவது. குழுவில் மூன்று பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (மொத்த மதிப்பெண் பதிவு) விளம்பரம் வருமுன்பே எழுதிப் போட்டுவிடுங்கள், அவசரத்துக்குக் கிடைக்காது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். பரிந்துரைக் கடிதம் கொடுப்பவரிடம் நீங்கள் செய்த வேலையை நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். சும்மா விட்டால் 'நல்ல ஒழுக்கமும் நேரம் தவறாமையும் உள்ளவர்' என்று எழுதித் தருவார்கள். அதை வைத்து எந்த நாட்டிலும் ஆய்வு இடம் கிடைக்காது.

நேர்காணல் ஆன்லைனில்தான். பர்த் நம்மைவிட இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடுகிறது, டென்மார்க் குளிர்காலத்தில் நாலரை மணிநேரம் பின்னால். நம் தெருவில் எந்த நேரத்தில் சாவு மேளம் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ரோட்டைப் பார்த்த அறையில் உட்காராதீர்கள். போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா?' என்பார்கள். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் கற்பித்தல், அதற்குத் தனிச் சம்பளமா அல்லது உதவித்தொகைக்குள்ளேயே அடங்குமா, உதவித்தொகை முடிந்தும் ஆய்வேடு முடியாவிட்டால் என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படவேண்டாம். அங்கே எல்லோரும் கேட்பதுதான்.