மீன் தொட்டிக்கு இடம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் இருக்கும் காலித் தொட்டியை இரண்டு பேர் சேர்ந்து எளிதாகத் தூக்கிவிடலாம். வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பிவிட்டால் கதை வேறு. அது நகராது, நகர்த்தவும் கூடாது. இடம் பார்ப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை 'சரிப்படவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற நினைப்பில் பிறப்பவை.

அந்த நினைப்பு எனக்கும் இருந்தது. என் முதல் தொட்டியை ஜன்னலோரம் வைத்தேன். காலை வெயில் தண்ணீரில் பட்டு எதிர்ச்சுவரில் அலை அலையாக ஆடும். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றே வாரத்தில் தண்ணீர் குட்டை நீர் போலப் பச்சையானது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் கிடந்த கற்களை அப்படியே விட்டு, நண்பரும் நானுமாகத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தோம். அன்றிரவு கீழ் மூலையில், சிலிகான் ஒட்டின் ஓரத்தில், ஒரு துளி திரண்டு நின்றது. விரலால் துடைத்தேன். சற்று நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஒரு துளி. விடிவதற்குள் மீன்களெல்லாம் வாளிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தூக்கும்போது அது ஒரு பக்கமாகச் சாயும், அடிக்கண்ணாடி முறுகும், ஒட்டு விட்டுப்போகும். கட்டாயம் நகர்த்த வேண்டுமென்றால் நீர், கல், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

எடையைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் தண்ணீர் மட்டும் சுமார் 57 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை வந்துவிடும். 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் என்றால் தண்ணீரே 190 கிலோ. இதைக் காலணி அலமாரியின் மேலோ படிக்கும் மேசையிலோ வைக்கிறார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பலகை மாதக்கணக்கில் மெல்லத் தொய்யும். கண்ணாடிக்குத் தொய்யத் தெரியாது. மரத்தூள் பலகையாக இருந்தால், சிந்துகிற தண்ணீரைக் குடித்து உப்பி, ஒருநாள் பொரிந்து உதிரும். மரத்தளம் உள்ள வீடுகளில் பெரிய தொட்டி அறை நடுவே வேண்டாம். சுமை தாங்கும் சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காக வைப்பது நல்லது.

தாங்கியின் மேற்பரப்பு தொட்டியின் அடிப்பகுதியைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மட்டமும் பார்க்க வேண்டும். ரசமட்டம் இல்லையா? கால்வாசி நீர் ஊற்றி, நான்கு மூலைகளிலும் நீரின் உயரத்தை அளந்து பாருங்கள். சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியின் அடியில் மெல்லிய தெர்மாகோல் தாள் விரித்தால் சிறு மேடு பள்ளங்களை அது ஏற்றுக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு அது வேண்டாம்; அங்கே எடை சட்டத்தின் மீதுதான் நிற்க வேண்டும்.

வெயிலால் வரும் தொல்லை பாசியோடு முடிவதில்லை. பாசியைச் சுரண்டி எடுத்துவிடலாம். சூட்டை என்ன செய்வது? சிறிய தொட்டியின் நீர் மதியத்தில் சூடேறி இரவில் குளிரும். 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகிவிடும். சூடேறினால் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது; அங்கேயும் நீரின் வெப்பம் ஏறி இறங்கும்.

பலருக்கும் தோன்றாத ஒன்று, அறையின் காற்று. காற்று பம்ப் அறையில் இருப்பதை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் விடுகிறது. அடுப்புப் புகை, வாசனை ஸ்பிரே, புது பெயின்ட் வாடை எல்லாம் அந்தக் குமிழிகளோடு உள்ளே போகும். கொசு விரட்டிகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதரை அதிகம் தொந்தரவு செய்யாதவை. மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. சமையலறையை ஒட்டிய இடமும், இரவெல்லாம் கொசு விரட்டி எரியும் படுக்கையறையும் என் கணக்கில் முதலிலேயே நீங்கிவிடும்.

ஆள் நடமாட்டத்துக்கு மீன் பழகிவிடும், அதிர்வு அப்படியல்ல. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அது நீரின் சிறு நடுக்கத்தையும் அறிகிறது. அறைந்து சாத்தும் கதவுக்குப் பக்கத்திலோ, ஒலிபெருக்கி இருக்கும் அதே மேசையிலோ தொட்டி வேண்டாம்.

மின்சார விஷயத்தில் இரண்டு செய்தி. ஒயர் பிளக்கைவிடக் கீழே தொங்கி, வளைந்து மேலேறிப் போய்ச் சேர வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காற்று பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழேதான் வைக்க முடியும் என்றால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பாழாகிற தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். காரணம் குழாயடி எட்டத்தில் இருந்ததுதான். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். அந்த 190 லிட்டர் தொட்டிக்கு அது கிட்டத்தட்ட 48 லிட்டர். நாலைந்து வாளி வெளியே, நாலைந்து வாளி உள்ளே. முதல் மாதம் ஆர்வத்தில் சுமப்போம்; பிறகு 'அடுத்த வாரம் பார்க்கலாம்' வந்துவிடும். ஒரு ரப்பர் குழாய் போட்டால் குளியலறையோ வடிகாலோ எட்டும் இடமாகப் பார்ப்பதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பின்பக்கம் கை நுழையும் இடைவெளியும், மேலே வலையை இறக்க இடமும் வேண்டும்.

வாங்கும் முன், தொட்டியின் நீள அகலத்துக்குச் செய்தித்தாளை வெட்டி, நினைத்திருக்கும் இடத்துக்கு நேர்கீழே தரையில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கிடக்கட்டும். வெயில் எத்தனை மணிக்கு அதன்மேல் ஏறுகிறது, கதவு அதில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு குளியலறையிலிருந்து ஒரு வாளி தண்ணீரை அதுவரை தூக்கிக்கொண்டு வந்து பாருங்கள்.