பார்த்த படம் நமக்குள் என்ன செய்தது என்பதை எழுதி வைப்பது எப்படி?

படம் முடிந்து வெளியே வரும்போது ‘எப்படி இருந்தது?’ என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ‘நன்றாக இருந்தது’ என்றோ ‘பரவாயில்லை’ என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டுமே தீர்ப்புகள். இரண்டு மணி நேரம் இருட்டில் அமர்ந்திருந்தபோது எந்த இடத்தில் மூச்சடைத்தது, எங்கே மனம் வேறெதையோ நினைக்கப் போனது, யாருடைய முகம் வீடு வரை கூடவே வந்தது என்பதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குள் காணாமல் போய்விடுகின்றன. அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் முதலில் இவற்றைப் பிடித்து வைக்கப் பழக வேண்டும். அதற்காக நான் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டுவரும் முறை இது.

படம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பிறர் எழுதிய எதையும் படிப்பதற்கு முன்பே, அரைப் பக்கமாவது எழுதிவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மிகவும் பிடித்துப்போன ஒரு படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதுவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்து, அன்றிரவே நான்கைந்து விமர்சனங்களைப் படித்துவிட்டேன். மறுநாள் எழுத உட்கார்ந்தபோது, என்னுடையது எது, படித்தது எது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அந்தப் படத்தைப் பிறகு இருமுறை பார்த்துவிட்டேன்; முதல் முறை பார்த்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

கதையிலிருந்து தொடங்காதீர்கள். மனத்தில் இன்னும் நிற்கும் ஒரு கணத்திலிருந்து தொடங்குங்கள். அது படத்தின் முக்கியமான காட்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உணர்ச்சியை முதலில் வைப்பது அறிவுக்குக் குறைவு என்று தயங்குகிறவர்களுக்கு நான் வால்டர் மர்ச்சை நினைவூட்டுவேன். புகழ்பெற்ற படத்தொகுப்பாளரான அவர், ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல்களை வைத்து, அவற்றில் உணர்ச்சிக்கு மட்டுமே 51 விழுக்காடு கொடுத்தார். கதை நகர்வுக்கு 23, தாளத்துக்கு 10. மற்றவை அதற்கும் கீழே. படத்தை வெட்டி ஒட்டுகிறவரே அப்படிக் கருதும்போது, பார்க்கிறவர் ‘இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது’ என்று எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. 1948-இல் வெளிவந்த, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். திருட்டுப்போன சைக்கிளைத் தேடி அலையும் தந்தை, கோபத்தில் மகனை அறைந்துவிட்டு, பிறகு மனம் கேளாமல் அவனை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார். பக்கத்து மேசையில் வசதியான குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தட்டு நிறைய உணவோடு இருக்கிறான். மகன் கையிலிருக்கும் ரொட்டியிலிருந்து பாலாடைக்கட்டி நூல்போல் நீள்கிறது. இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் காட்சிக்கு என் குறிப்பேட்டில் முதலில் இருந்தது ‘மிகவும் வருத்தமாக இருந்தது’ என்ற ஒரே வரி. ஏன் என்று என்னையே கேட்டபோதுதான், வறுமையைப் பற்றி அந்தச் சிறுவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதும், மகிழ்ச்சியாகச் சாப்பிடத் தொடங்கியவனின் முகத்தில் அந்த ஒப்பீடு தானாக வந்து படிந்ததுதான் என்னைத் தாக்கியது என்பதும் புரிந்தன. இரண்டாவதாக எழுதிய அந்த வரிகளைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.

காரணத்தைத் தேடும்போது நடிப்புக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிடுவது எளிது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் இன்னொருமுறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் முதலில் பசியையும் பிறகு துயரத்தையும் கண்டார்கள் என்று சொல்வார்கள். ஆகவே ஒரு முகம் உங்களை உலுக்கினால், அதற்கு முந்தைய ஷாட்டில் என்ன இருந்தது, பின்னணி இசை எந்த இடத்தில் நின்றது, கேமரா எவ்வளவு தள்ளி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வீட்டில் பார்க்கும் படமானால், அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியில்லாமல் ஓடவிட்டால், இசை செய்த வேலை எது, காட்சி செய்த வேலை எது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

எழுதி முடித்ததும், எந்தப் படத்துக்கும் பொருந்தக்கூடிய தொடர்களை அடித்துவிடுங்கள். ‘ஒளிப்பதிவு கண்ணுக்கு விருந்து’, ‘இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு’, ‘கதாபாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்’ ஆகியவற்றைப் படிக்கிறவர் எந்தப் படத்தையும் பார்க்க முடியாது. தொய்வு என்று தோன்றினால், எந்தக் காட்சியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

பிடிக்காத படத்துக்கு இன்னும் கொஞ்சம் நேர்மை தேவைப்படுகிறது. களைப்போடு பார்த்தேனா, முன்னோட்டத்தைப் பார்த்து வேறெதையோ எதிர்பார்த்துப் போனேனா என்பதையும் குறிப்பிடுவேன், ஏனெனில் நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்தவனுக்கு மூன்று நிமிட அசையாத ஷாட் சலிப்பாகத் தெரிவது படத்தின் குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதே நேரம், உலகமே கொண்டாடுகிறது என்பதற்காக வராத வியப்பை வரவழைத்து எழுதவும் கூடாது.

கதைச் சுருக்கத்துக்கு மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். முடிவைச் சொல்லாமல் எழுத முடியாதபோது, அதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது இன்னும் பார்க்காதவர்களுக்குச் செய்யும் மரியாதை.

குறிப்பின் தலையில் பார்த்த தேதியையும், திரையரங்கிலா கைப்பேசியிலா, தனியாகவா யாரோடு சேர்ந்தா என்பதையும் எழுதுங்கள். கீழே கால் பக்கத்தை வெற்றாக விட்டுவையுங்கள். அதே படத்தை மீண்டும் பார்க்கும் நாளில், பழைய வரிகளைத் திருத்தாமல், புதிய தேதியிட்டு அந்த வெற்றிடத்தில் எழுதலாம்.