ஜூலை நாலுக்கு ஃபெல்ட் தோரணம், கம்பி மத்தாப்பு, கொடிப் புதிர்: ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும்

ஜூன் பிறந்ததும் எங்கள் பக்கத்துக் கடைகளில் எல்லாம் சிவப்பு, வெள்ளை, நீலம்தான். பிளாஸ்டிக் தோரணம், காகிதத் தட்டு, கொடி அச்சிட்ட கைத்துடைப்பான். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 இரவு விருந்து முடிந்ததும் அத்தனையும் குப்பைப் பைக்குள் போய்விடும். அமெரிக்காவின் கொடி விதிகளிலேயே, பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் பொருள்களில் கொடியை அச்சிடக் கூடாது என்று இருக்கிறது. அதைப் படித்த வருஷம் நான் ஃபெல்ட் துணியை வாங்கினேன். அப்போது தைத்த தோரணம்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறுகிறது.

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை பாஸ்டனின் பழைய அரசு மாளிகை உப்பரிகையில் நின்று வாசித்தார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் அதே இடத்தில் வாசிக்கிறார்கள். காலையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்விட்டு, மாலையில் தெருவே சேர்ந்து புல்வெளியில் சாப்பிடுவோம். அந்த மாலைக்குத் தேவையானவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தையல் மெஷின் வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளையும் கூட உட்கார்ந்து தைக்கலாம்.

ஏன் ஃபெல்ட்?

ஃபெல்ட் நெய்த துணி இல்லை. பாவும் ஊடும் கிடையாது. இழைகளை ஒன்றோடொன்று சிக்க வைத்துச் செய்வது. அதனால் எந்தப் பக்கம் வெட்டினாலும் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. புதிதாகத் தைப்பவர்களுக்கு இதைவிட இரக்கமான துணி கிடையாது.

கடையில் இரண்டு வகை பார்ப்பீர்கள். அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர் ஃபெல்ட் விலை குறைவு, 9 அங்குலம் அகலம், 12 அங்குலம் நீளமுள்ள தாளாகக் கிடைக்கும். கம்பளி கலந்தது விலை அதிகம், ஆனால் தடிமனாக, வெட்டிய ஓரம் கூர்மையாக நிற்கும். முதல் முறைக்கு அக்ரிலிக் போதும். நட்சத்திரங்களுக்கு மட்டும் கம்பளி கலந்த வெள்ளை வாங்கிக்கொள்ளுங்கள். மலிவான ஃபெல்ட்டில் நட்சத்திர முனைகள் பஞ்சு பஞ்சாகிவிடும்.

இவை தவிர வேண்டியவை: துணிக்கென்றே வைத்திருக்கும் கத்தரிக்கோல் (காகிதம் வெட்ட வேறு ஒன்று), எம்ப்ராய்டரி நூல், கொஞ்சம் பெரிய காதுள்ள ஊசி, குண்டூசி, துணிப் பசை, 3 கஜம் ரிப்பன், பாகைமானி.

வெட்டுவதற்கு முன்பு ஒரு சோதனை. ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு ஃபெல்ட்டின் மேல் வைத்து ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சிவப்பை வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள். ஒரு வருஷம் நான் இதைச் செய்யாமல் விட்டேன். மாலைத் தூறலில் தோரணத்தின் சிவப்பு இறங்கி, கீழே விரித்திருந்த மேஜை விரிப்பு முழுக்கக் கறையாகிவிட்டது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.

ஒரே வெட்டில் நட்சத்திரம்

பெட்சி ராஸ் என்ற பிலடெல்பியாத் தையற்காரப் பெண்மணி, துணியை மடித்து ஒரே வெட்டில் ஐந்து முனை நட்சத்திரம் வெட்டிக் காட்டினார் என்று இங்கே எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கதை தெரியும். 1870இல் அவருடைய பேரன்தான் அந்தக் குடும்பக் கதையை முதலில் பொதுவில் சொன்னார். அமெரிக்காவின் முதல் கொடியை பெட்சி ராஸ்தான் தைத்தார் என்பதற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே வெட்டு நிஜமாகவே சாத்தியம். ஃபெல்ட் தடிமனானது என்பதால் நாம் காகிதத்தில் வெட்டி, அதை மாதிரியாக வைத்துக்கொள்வோம்.

1. 20 செ.மீ. சதுரக் காகிதத்தைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். மடிப்பின் நடுப்புள்ளியைக் குறியுங்கள்.

2. அந்தப் புள்ளியில் பாகைமானியை வைத்து 36, 72, 108, 144 டிகிரிகளில் நான்கு கோடுகள் இழுங்கள். அரை வட்டம் ஐந்து சமபாகமாகப் பிரிந்திருக்கும்.

3. இந்தக் கோடுகளில் ஓலை விசிறி மடிப்பதுபோல் முன்னும் பின்னுமாக மடியுங்கள். கடைசியில் கையில் இருப்பது பத்து அடுக்குள்ள ஒல்லியான கூம்பு.

4. கூம்பின் கூர்முனையிலிருந்து ஒரு ஓரத்தில் 8 செ.மீ., மறு ஓரத்தில் 3 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். இரண்டையும் கோட்டால் சேருங்கள்.

5. அந்தக் கோட்டில் ஒரே வெட்டு. விரித்துப் பாருங்கள்.

என் மகள் முதல் தடவை விரித்தபோது, "அம்மா, இன்னொரு தடவை!" என்று பதினோரு காகிதம் காலி செய்தாள். அவசரப்படுத்தாதீர்கள், இதுவே பிள்ளைகளுக்கு அரைமணி நேர விளையாட்டு. மூன்றுக்குப் பதில் 4 செ.மீ. வைத்தால் நட்சத்திரம் குண்டாகும், 2 வைத்தால் ஒல்லியாகி முனைகள் துவளும். கொடியில் இருப்பது போன்ற நேரான நட்சத்திரம் வேண்டுமென்றால் 8க்கு 3 என்ற கணக்கு. இதன் அகலம் சுமார் 15 செ.மீ. வரும். சின்னது வேண்டுமானால் 4க்கு ஒன்றரை.

மாதிரியை ஃபெல்ட்டுக்கு மாற்ற இங்கே ஒரு நல்ல வழி உண்டு. மளிகைக் கடையில் இறைச்சி சுற்றி வைக்க விற்கும் ஃப்ரீசர் பேப்பர் வாங்குங்கள். அதன் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும். பளபளப்பில்லாத பக்கத்தில் நட்சத்திரத்தை வரைந்து, பளபளப்பான பக்கத்தை ஃபெல்ட்டின் மேல் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் சில நொடி இஸ்திரி போடுங்கள். ஒட்டிக்கொள்ளும். கோட்டோடு வெட்டிவிட்டு உரித்தால் கறையே இல்லாமல் வந்துவிடும். சூடு அதிகமானால் அக்ரிலிக் உருகிப் பெட்டியில் ஒட்டும், அதனால் ஓரத் துண்டில் முதலில் போட்டுப் பாருங்கள். வெட்டும்போது கத்தரியை ஓரிடத்தில் நிறுத்தி, துணியைத் திருப்புங்கள். உள்மூலைகளை வெளியிலிருந்து உள்ளே வந்து வெட்டினால் கிழியாது.

ஒன்பது முக்கோணத் தோரணம்

சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றிலும் ஒவ்வொரு தாள். 6 அங்குல அடி, 8 அங்குல உயரமுள்ள முக்கோணத்தை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். 12 அங்குல நீளத்தில் ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக, மூன்றாவது மறுபடி நேராக வைத்தால் ஒரு தாளில் சரியாக மூன்று வரும்.

நீலத்திலும் சிவப்பிலும் ஒவ்வொரு சின்ன வெள்ளை நட்சத்திரம், வெள்ளையில் நீல நட்சத்திரம். எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையாக இருக்கும், அதில் மூன்றை மட்டும் பிரித்து எடுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமாக எடுத்தால் சிக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு (கால் அங்குலத்தில் பாதி) உள்ளே தள்ளி ஓட்டுத் தையல் போடுங்கள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே, அவ்வளவுதான். நூலை இழுத்து இறுக்காமல், துணியின் மேல் படிய விடுங்கள். முனையிலும் உள்மூலையிலும் கட்டாயம் ஒரு தையல் விழட்டும், இல்லாவிட்டால் முனை தூக்கிக்கொள்ளும்.

ரிப்பனின் இரு பக்கமும் கட்டுவதற்கு 18 அங்குலம் விட்டு, முக்கோணங்களை 2 அங்குல இடைவெளியில் வைத்துத் தையுங்கள். 3 கஜ ரிப்பனில் கச்சிதமாக அடங்கும். பசையால் ஒட்டலாம்தான், ஆனால் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் ஒன்றிரண்டு விழுந்துவிடும். தைத்துவிடுங்கள்.

மேஜையின் முன்பக்கம் மூன்று நிறத்தையும் பட்டையாகத் தொங்க விடுவதாக இருந்தால் வரிசை முக்கியம். நீலம் மேலே, வெள்ளை நடுவில், சிவப்பு கீழே. கொடி விதிகளில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. கொடியையே மேஜை விரிப்பாக விரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மூவண்ணப் பட்டை.

சுடாத கம்பி மத்தாப்பு

இதுதான் எனக்கு மனசுக்கு மிக நெருக்கமானது. மாசசூசெட்ஸில் பொதுமக்கள் எந்தப் பட்டாசும் கொளுத்தக் கூடாது, கம்பி மத்தாப்பும் அதில் அடக்கம். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்து வளர்ந்த எனக்கு முதலில் அது உறுத்தியது. ஆனால் கம்பி மத்தாப்பின் நுனி சுமார் 2,000 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகிறது. அதை மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. இந்த ஃபெல்ட் மத்தாப்பை எல்லா வயதுப் பிள்ளைகளும் ஆட்டிக்கொண்டே ஓடலாம்.

9 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஒவ்வொரு பட்டை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குண்டூசி குத்துங்கள். ஒரு நீள ஓரத்தில் 1 அங்குலம் வெட்டாமல் விட்டுவிட்டு, மறு ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்கு ஒன்றாக 3 அங்குல ஆழத்துக்குக் கீறிக்கொண்டே போங்கள், தென்னங்கீற்று போல. குண்டூசியை எடுத்துவிட்டு, வெட்டாத அங்குலத்தில் மெல்லிய கோடாகப் பசை தடவுங்கள். நிறையத் தடவினால் மறுபக்கம் கசிந்து பிசுபிசுக்கும். 10 அங்குல மரக்குச்சியின் தலையில் வைத்து இறுக்கமாகச் சுற்றுங்கள். கடைசியில் நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இரவு முழுக்கக் காயட்டும். காலையில் ஒரு உதறு உதறினால் கீற்றுகள் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். குச்சியின் அடிமுனை கூராக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

கொடிப் புதிர்

ஃபெல்ட் மேல் ஃபெல்ட் வைத்தால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அந்தக் குணத்தை வைத்து ஒரு விளையாட்டு. அட்டைப் பலகை ஒன்றைச் சாம்பல் நிற ஃபெல்ட்டால் மூடிச் சாய்வாக நிறுத்துங்கள்.

கொடியின் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 1க்கு 1.9. பட்டை ஒன்றுக்கு 1 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக வரும்: 13 பட்டை, 13 அங்குல உயரம், 25 அங்குல நீளம். நீலப் பகுதி 7 அங்குல உயரம், 10 அங்குல நீளம். நீலத்தின் பக்கத்தில் வரும் பட்டைகள் 15 அங்குலம், அவற்றில் சிவப்பு 4, வெள்ளை 3. கீழே வரும் முழுநீளப் பட்டைகள் வெள்ளை 3, சிவப்பு 3. நீலத்துக்கு நேர் கீழே வருவது வெள்ளை. பிள்ளைகள் இடறுவது அநேகமாக இந்த இடத்தில்தான். நீளப் பட்டைகளுக்குத் தாள் போதாது, கஜமாக விற்கும் ஃபெல்ட்டை வாங்குங்கள்.

நட்சத்திரம் 50 வெட்ட வேண்டாம், அவ்வளவு சின்னதாக வெட்டினால் கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். 13 போதும். 1777 ஜூன் 14 தீர்மானத்தில் சொன்னது 13 பட்டை, 13 நட்சத்திரம்தான், அமெரிக்காவாக இணைந்த 13 குடியேற்றங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எப்படி அடுக்குவது என்று அதில் சொல்லவில்லை. அதனால் பிள்ளைகளை அவரவர் விருப்பப்படி அடுக்கச் சொல்லுங்கள். வட்டம் வைப்பார்கள், வரிசை வைப்பார்கள், போன வருஷம் ஒரு பையன் பெரிய நட்சத்திர வடிவிலேயே அடுக்கினான். பெரிய பிள்ளைகளுக்கு வேறு வேலை: இன்றைய 50 நட்சத்திரம் எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். ஒன்பது வரிசை, ஆறும் ஐந்தும் மாறி மாறி. ஹவாய் சேர்ந்த பிறகு 1960 ஜூலை 4 முதல் இதே அமைப்புதான்.

எறியும் பைகள்

5 அங்குலச் சதுரம் இரண்டை வைத்து, முக்கால் பங்கு சுற்றித் தைத்து, அரைக் கோப்பை பச்சைப்பயறு போட்டு மூடுங்கள். இங்கே மட்டும் ஓட்டுத் தையல் போதாது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பின்தையல் போட்டால்தான் பயறு கொட்டாது. பெரியவர்கள் ஆடும் கார்ன்ஹோல் (ஓட்டையுள்ள பலகையில் பை எறிவது) விளையாட்டில் பலகைகளுக்கு இடையே 27 அடி இருக்கும். பிள்ளைகளுக்கு 8 அடி வையுங்கள். அட்டைப் பெட்டியில் 6 அங்குல ஓட்டை, உள்ளே விழுந்தால் 3, பெட்டி மேல் நின்றால் 1, முதலில் 21 எடுப்பவர் ஜெயித்தவர். பையில் நட்சத்திரம் தைக்கலாம், பட்டை தைக்கலாம். முழுக் கொடியைத் தைக்காதீர்கள். பை தரையில் விழும் பொருள், கொடி தரையைத் தொடக் கூடாது. புல் ஈரமாக இருந்தால் பைகளை வெளியே விடாதீர்கள், பயறு முளை விட்டுவிடும்.

எடுத்து வைக்கும்போது

விருந்து முடிந்ததும் மடிக்காமல், தோரணத்தை ஒரு அட்டையில் சுற்றி, புதிர்த் துண்டுகளைத் தலையணை உறையில் போட்டு வையுங்கள். கம்பளி கலந்ததைப் பூச்சி அரிக்கும் என்பதால் இறுக மூடும் பையில் போடுங்கள். நாங்கள் ஒவ்வொரு ஜூலையும் புதிதாக ஒரு நட்சத்திரம் வெட்டி, பின்பக்கம் அந்த வருஷத்தையும் வெட்டிய பிள்ளையின் முதல் எழுத்தையும் தைத்து அதே பையில் சேர்க்கிறோம். பிரகடனத்தின் 250ஆம் ஆண்டான 2026க்கு நீல நட்சத்திரம் என்று என் மகள் முன்பே சொல்லி வைத்துவிட்டாள்.